பிட்யூட்டரி கட்டிக்கு மஞ்சள், நொச்சி, பூனைக்காலி: இதில் ஆய்வு எது, வாட்ஸ்அப் எது?

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மதினிக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 7 மில்லிமீட்டர் கட்டி இருப்பதாக எம்ஆர்ஐயில் வந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றுபோனது, பிள்ளை பெறாமலே மாரில் பால் கசிந்தது, அதற்காகப் பார்க்கப் போய்த்தான் தெரிந்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ரத்தத்தில் 180. ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சுரப்பி டாக்டர் கேபர்கோலின் 0.5 மில்லிகிராமில் பாதி மாத்திரை, வாரத்துக்கு இரண்டு தடவை என்று எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டில் யாருக்கும் மனம் ஆறவில்லை. "மண்டைக்குள் கட்டி என்கிறான், வாரத்துக்கு ரெண்டு அரை மாத்திரை கொடுக்கிறான், இது என்ன வைத்தியம்?" என்று அம்மா கேட்கிறார்கள். மாத்திரை போட்ட அன்று மதினிக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வேறு. அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் மஞ்சள் சாறு கேப்ஸ்யூல் டப்பா வாங்கி வந்துவிட்டார். இன்னொருவர் நொச்சிக் கஷாயம் என்கிறார். "மூளைக் கட்டியைக் கரைக்கும் ஐந்து மூலிகைகள்" என்று ஒரு செய்தி குடும்பக் குழுவில் சுற்றுகிறது, அதில் பூனைக்காலிப் பொடியும் இருக்கிறது. ஆராய்ச்சியில் நிரூபணம் என்று கடைசி வரி.

நிஜமாகவே ஆராய்ச்சி இருக்கிறதா? இருந்தால் மாத்திரைக்குப் பதில் இதைக் கொடுக்கலாமா?

மண்டபம் மருந்தாளர்

தம்பி, முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். புரோலாக்டின் சுரக்கும் கட்டிக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. மற்ற பிட்யூட்டரி கட்டிகளுக்குப் பெரும்பாலும் முதல் வைத்தியம் மூக்கு வழியாகச் செய்யும் ஆபரேஷன். இதற்கு மட்டும் மாத்திரைதான் முதல். புரோலாக்டினையும் இறக்கும், கட்டியையும் சுருக்கும். கேபர்கோலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து, ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு இரண்டு தடவை போதும். அளவைப் பார்த்து மருந்தை எடை போடாதீர்கள்.

குமட்டலுக்கு: ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு உடனே படுக்கச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். இந்த மாத்திரையின் பூர்வீகமே நிலத்தில்தான். ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருளைத் திருத்தி 1970களில் புரோமோகிரிப்டின் மருந்தாக வந்தது. அதே வழியில் இன்னும் செதுக்கி எடுத்தது கேபர்கோலின், அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. பூஞ்சை செடியில்லை என்று நம் தாவரவியல் வாத்தியார் சண்டைக்கு வருவார், அவர் வரட்டும். அந்தக் கதிரை அப்படியே அரைத்துத் தின்ற ஐரோப்பிய ஊர்களில் கைகால் அழுகிச் செத்தார்கள். அதிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்து, மாற்றி, அளந்து கொடுத்த பிறகுதான் மருந்து.

பாம்பன் வலைகாரன்

எனக்கும் இதே சுரப்பியில்தான் கட்டி இருந்தது, ஆனால் வளர்ச்சி ஹார்மோன் வகை. செருப்பு அளவு கூடிக்கொண்டே போனது, மோதிரம் விரலைவிட்டுக் கழலவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். தாடை முன்னால் வந்துவிட்டது. போட்டில் கூட வருகிறவர்கள் கிண்டல் செய்தார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். சர்க்கரை வந்து, குறட்டை வந்து, அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. மூக்கு வழியாக எடுத்துவிட்டார்கள், மிச்சத்துக்கு மாதம் ஒரு ஊசி.

நான் சொல்ல வந்தது, பிட்யூட்டரி கட்டி என்று ஒரே பெயரில் எல்லாரும் பேசுகிறார்கள். என் கட்டிக்கு உன் மதினியின் மாத்திரை முதல் மருந்து கிடையாது. என் ஊசி அவர்களுக்கு ஆகாது. ஐந்து மூலிகை எல்லாக் கட்டியையும் கரைக்கும் என்றால் எந்தக் கட்டி என்று கேள்.

கண்ணாடித்தட்டு

நான் மதுரையில் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் தேவிபட்டினம். வலைகார அண்ணன் சொன்னதுதான் விஷயத்தின் மையம். ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பொய் இல்லை. எதில் செய்தது என்பதைத்தான் செய்தி மறைக்கிறது.

மஞ்சளை எடுங்கள். 2008இல் எண்டோகிரைனாலஜி இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜிஹெச்3, எம்எம்க்யூ என்ற எலிப் பிட்யூட்டரி கட்டி செல்களின்மேல் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைப் போட்டார்கள். செல் பெருகுவது குறைந்தது, சில செத்தன, புரோலாக்டின் சுரப்பும் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பும் குறைந்தன. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் மியூனிக் குழு எலிகளிலும் மனிதக் கட்டியிலிருந்து எடுத்த செல்களிலும் இதே போக்கைக் காட்டியது. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தட்டில் நாங்கள் ஊற்றும் அளவு மைக்ரோமோலார் கணக்கு, பத்து இருபது என்று போகும். மனிதர்கள் மூன்றரை கிராம் குர்குமினை விழுங்கினாலும் ரத்தத்தில் தேறுவது நானோமோலார் கணக்கு. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. குடல் உறிஞ்சாது, உறிஞ்சியதைக் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று அளவுதான். இரண்டு கிராம் குர்குமினுக்கே அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். மீன் குழம்பு எத்தனை சட்டி வைத்தாலும் கணக்கு எட்டாது.

இன்னொரு சங்கதி, எங்கள் ஆட்களுக்குத் தலைவலி தருவது. குர்குமின் பார்க்கிற புரதத்திலெல்லாம் ஒட்டும், சோதனையில் தானாக ஒளியும் வீசும். அதனால் பல சோதனைகளில் "வேலை செய்கிறது" என்று பொய் சமிக்ஞை வரும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் இதைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரையே எழுதினார்கள். அதைப் படித்த பிறகு என் வழிகாட்டி மஞ்சள் சம்பந்தமான புது யோசனைகளை மேசையிலேயே வைக்க விடுவதில்லை.

முண்டுமிளகாய்

மிளகோடு சேர்த்தால் இருபது மடங்கு ஏறும் என்கிறார்களே? அந்த டப்பாவிலும் மிளகுச் சத்து என்று போட்டிருக்குமே?

கண்ணாடித்தட்டு

அதுவும் நிஜ ஆய்வுதான், பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்தது. இரண்டு கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இருபது மடங்கு ஏறினால் எவ்வளவு என்று யோசியுங்கள். தட்டின் அளவை அது எட்டவில்லை.

மண்டபம் மருந்தாளர்

மிளகுச் சத்து குர்குமினை மட்டும் பார்த்து உதவி செய்யாது. மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளையே அது மந்தமாக்குகிறது. புரோமோகிரிப்டின் எடுப்பவர்களுக்கு அதே நொதிதான் மருந்தை உடைக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே. ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, பிரித்தெடுத்து டப்பாவில் அடைத்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழு 2022இல் மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி எழுதியது. அவர்களில் சிலர் எடுத்தது மிளகுச் சத்து சேர்ந்த சரக்கு. மதினிக்கு அந்த டப்பா வேண்டாம்.

கீழக்கரைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் இருக்கிற மருமகன் ஒரு கட்டுரை அனுப்பினான். பால் முள்செடி விதையில் உள்ள சிலிபினின் என்ற சத்து பிட்யூட்டரி கட்டியை அடக்கும் என்று. நான் கொழுப்புக் கல்லீரலுக்கு அதே விதையின் சாறான சிலிமரின் மாத்திரை ஏற்கனவே சாப்பிடுகிறவன். இதை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கண்ணாடித்தட்டு

வஅலைக்கும் ஸலாம் காக்கா. உங்கள் மருமகன் அனுப்பியது இந்தப் பட்டியலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. 2015, நேச்சர் மெடிசின், மியூனிக் மாக்ஸ் பிளாங்க் மனநோய் நிறுவனத்து ஆட்கள் செய்தது.

அது குஷிங் நோய்க்கு. பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி ஏசிடிஹெச் ஹார்மோனை அள்ளிக் கொட்டும், அட்ரினல் சுரப்பி அதைக் கேட்டுக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் கொட்டும். முகம் உப்பும், வயிற்றில் ஊதா வரி விழும், தோல் மெலியும். சாதாரணமாகக் கார்ட்டிசால் அதிகமானால் பிட்யூட்டரி அதை உணர்ந்து நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டி செல்களுக்கு அந்தக் காது கேட்பதில்லை. ஏன் என்று பார்த்தபோது, ஹெச்எஸ்பி90 என்ற உதவிப் புரதம் அந்தச் செல்களில் அளவுக்கு மீறி இருந்தது. கார்ட்டிசாலை உணரும் ஏற்பியை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. சிலிபினின் அந்தப் புரதத்தின் வால் பக்கம் போய் ஒட்டுகிறது, பிடி தளர்கிறது, ஏற்பி விடுபடுகிறது, செல்லுக்கு மறுபடி காது கேட்கிறது. எலிகளில் கட்டி வளர்ச்சி மட்டுப்பட்டது, குஷிங் அறிகுறிகளும் குறைந்தன.

இதில் எனக்குப் பிடித்தது, எங்கே ஒட்டுகிறது, ஒட்டினால் என்ன ஆகிறது என்று படிப்படியாகக் காட்டியதுதான். "ஆன்டி ஆக்ஸிடன்ட், அதனால் நல்லது" என்ற மழுப்பல் இல்லை. சிலிபினின் ஊசியாக ஐரோப்பாவில் விஷக் காளானைத் தின்றவர்களுக்கு முன்பிருந்தே பயன்பாட்டில் இருப்பதால் மனித உடம்புக்குப் புதிதான பொருளும் இல்லை. ஆனாலும் குஷிங்குக்கு இன்றைய வைத்திய நெறிகளில் அது இல்லை. மதினியின் கட்டியோ புரோலாக்டின் வகை. இந்தப் பூட்டே அங்கே கிடையாது. உங்கள் மாத்திரையை நீங்களே சாப்பிடுங்கள் காக்கா.

தாவரவியல் வாத்தியார்

பூஞ்சை செடியில்லை என்று பதிவு செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

நொச்சிக்கு வருவோம். வீட்டு வேலியில் நிற்கும் நொச்சி வைடெக்ஸ் நெகுண்டோ. மத்தியதரைக் கடல் ஓரத்தில் அதன் பங்காளி ஒன்று உண்டு, வைடெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ். அந்தப் பழத்தில் இருக்கும் டைடெர்பீன் என்ற வேதிப்பொருள்கள், டோபமின் என்ற மூளை ரசாயனம் உட்காரும் டி2 ஏற்பியில் போய் உட்காருகின்றன. கேபர்கோலின் உட்காருவதும் அதே நாற்காலியில்தான். புரோலாக்டின் கொஞ்சம் ஏறி, மாதவிலக்குக்கு முன் மார் வலிக்கும் பெண்களுக்கு அந்தப் பழச் சாற்றை ஐரோப்பாவில் கொடுக்கிறார்கள், சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கட்டியைச் சுருக்கியதாக அல்ல, லேசாக ஏறிய புரோலாக்டினை இறக்கியதாக. அந்தச் செய்தியை யாரோ மொழிபெயர்க்கும்போது பங்காளியின் சொத்தை நம் நொச்சிக்கு எழுதி வைத்துவிட்டார்கள். இலை வேறு, பழம் வேறு, இனம் வேறு. சளிக்கு நொச்சி ஆவி பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை.

பூனைக்காலி கதை இன்னும் சுவாரசியம், இன்னும் ஆபத்து. அதன் விதையில் நூறு கிராமுக்கு மூன்று முதல் ஆறு கிராம் வரை எல்-டோப்பா இருக்கிறது. அது உடம்பில் டோபமினாக மாறும். டோபமின்தான் புரோலாக்டினை அடக்கி வைக்கிற இயற்கைக் கடிவாளம். ஆக, பூனைக்காலி புரோலாக்டினை இறக்கும் என்பதில் தர்க்கம் இருக்கிறது. 1970களிலேயே எல்-டோப்பாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், சில மணி நேரம் இறங்கி மறுபடி ஏறிவிட்டது. நெடுநேரம் நிற்கும் மருந்து வந்ததும் அதை விட்டுவிட்டார்கள்.

நித்தியகல்யாணியையும் யாராவது இழுக்கும் முன் நானே இழுத்துவிடுகிறேன். சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட செடி, நம் கடலோர மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிறது. கனடாவில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று ஆராயப் போய், எலிகளின் வெள்ளணு குறைவதைப் பார்த்து 1958இல் வின்பிளாஸ்டினைக் கண்டார்கள். பிறகு வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். அது செல் இரண்டாகப் பிரியும்போது அடிக்கிற மருந்து. பிட்யூட்டரி கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயல்ல, மெதுவாக வளர்பவை, அங்கே அடிக்க அதற்கு வேலை குறைவு. இலையைக் கசக்கிக் குடிப்பது சும்மா விஷம் குடிப்பதுதான்.

மண்டபம் மருந்தாளர்

வாத்தியார் ஐயா சொன்ன பூனைக்காலியில் ஒரு வரி சேர்க்கிறேன். கேபர்கோலினோடு சேர்ந்தால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிற மாதிரி. குமட்டலும் தலைச்சுற்றலும் கூடும். ஏற்கனவே குமட்டல் இருக்கிற பெண்ணுக்கு அது ஆகாது. டாக்டர் அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை முடிவு செய்வார், பொடி வேறு உள்ளே இருந்தால் அந்த எண்ணை நம்பி எப்படி முடிவு எடுப்பார்?

வெட்டிப்பேச்சு

மொத்தத்தில் மூலிகை எல்லாம் பித்தலாட்டம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாமே. இவ்வளவு எழுத வேண்டுமா?

உச்சிப்புளி சித்த மருத்துவர்

வெட்டிப்பேச்சு அவர்களே, மேலே நான்கு பேர் எழுதியதைப் படித்துவிட்டா எழுதினீர்கள்? கேபர்கோலினின் பூர்வீகம், வின்கிரிஸ்டின், சிலிபினின், எல்லாமே மண்ணிலிருந்து வந்தவைதானே.

நான் பட்டம் படித்துப் பதிவு செய்து சித்த மருத்துவம் பார்ப்பவன். எங்கள் பழைய நூல்களில் இந்தச் சுரப்பியின் பெயரால் ஒரு நோய் கிடையாது. இருக்கிறது என்று சொல்லி மருந்து விற்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் இப்படி யாராவது வந்தால் முதலில் கண் பார்வையைக் கேட்பேன். பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாமல் மோதிக்கொள்கிறார்களா என்று. கட்டி பெரிதாகி மேலே ஏறினால் கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்தை அழுத்தும், இரண்டு பக்கமும் பார்வை சுருங்கும். அப்படி இருந்தால் கஷாயம் பேசும் நேரம் அல்ல, அன்றே அனுப்பிவிடுவேன். திடீரென்று மண்டை பிளக்கும் வலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அது நடு ராத்திரியானாலும் ஆம்புலன்ஸ் அழைக்கும் விஷயம்.

எங்கள் சரக்கிலேயே கவனிக்க வேண்டியது அதிமதுரம். இருமலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும். சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை முடக்கும் நொதியை அது தடுக்கும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். குஷிங் இருப்பவர்களும் ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்களும் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. இதைச் சொல்ல ஒரு சித்த மருத்துவர் வேண்டியிருக்கிறது, பித்தலாட்டம் என்று ஒதுக்குகிறவருக்கு இது தெரியாது.

வெட்டிப்பேச்சு

சரி டாக்டர், வாபஸ். ஆனால் என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சித்தப்பா மூட்டு வலிக்கு ஒருவரிடம் "சுத்த மூலிகை" பொடி வாங்கிச் சாப்பிட்டார். வலி மந்திரம் போட்ட மாதிரி போனது. போகப்போக முகம் நிலா மாதிரி உருண்டது, வயிறு வரி விழுந்தது. குஷிங் என்று சந்தேகப்பட்டு பிட்யூட்டரிக்கு ஸ்கேன் வரைக்கும் எடுத்தோம். கடைசியில் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார்கள். பயந்து போய் ஒரேயடியாக நிறுத்தினார், மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மண்டபம் மருந்தாளர்

இது நடக்கிற கதைதான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரியும் அட்ரினலும் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலே இருக்காது. அப்படிச் சந்தேகம் வந்தால் பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

பாசிக்காரி

நான் மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எல்லாம் எடுத்துக் கம்பெனிக்குப் போடுகிறோம். கட்டக்கோரையில் கேன்சருக்கு மருந்து இருக்கிறது என்று ஒருத்தர் சொல்லி, எங்கள் தெருவில் ரெண்டு பேர் காயவைத்துப் பொடி பண்ணிக் குடிக்கிறார்கள். இந்தக் கட்டிக்கும் ஆகுமா?

கண்ணாடித்தட்டு

அக்கா, கட்டக்கோரை வகைப் பழுப்புப் பாசிகளில் ஃபியூகோய்டன் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது, புற்றுநோய்ச் செல்களில் அதைச் சோதிக்கிறார்கள். அந்தப் பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்கும். பிட்யூட்டரி கட்டிக்கு அது மருந்து கிடையாது.

ஆனால் அந்த ரெண்டு பேரையும் நிறுத்தச் சொல்லுங்கள். பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம் இருக்கும். அளவு மீறினால் சிலருக்குத் தைராய்டு மந்தமாகும். தைராய்டு மந்தமானால் மூளை அதைத் தட்டி எழுப்ப டிஆர்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பும், அது புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் பிட்யூட்டரியே வீங்கி ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிந்த நோயாளிகள் உண்டு, தைராய்டு மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடிந்துவிடும். அதனால்தான் புரோலாக்டின் ஏறினால் டாக்டர் முதலில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனை பார்க்கிறார்.

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் நன்றி. மதினியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். டப்பாவைப் பற்றி மதுரை டாக்டரிடமும் கேட்டோம், மருந்தாளர் சார் சொன்ன அதே பதில். மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிய பிறகு குமட்டல் பரவாயில்லை. அடுத்த பரிசோதனையில் புரோலாக்டின் 61க்கு இறங்கியிருக்கிறது. மாதவிலக்கு திரும்பும் முன்னாலேயே கூட கரு நிற்க வாய்ப்பு உண்டு, நின்றால் உடனே சொல்ல வேண்டும் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார், அதை யாரும் எங்களுக்கு முன்னால் சொல்லவில்லை. அம்மா மட்டும் சுவாமி மாடத்தில் மஞ்சள் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாயல்குடிப் புதுசு

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்குப் புரோலாக்டின் 38 என்று வந்திருக்கிறது. வயது 24, கல்யாணம் ஆகவில்லை. கட்டியாக இருக்குமோ என்று தூக்கம் இல்லை. நொச்சிப் பழம் எங்காவது கிடைக்குமா?

மண்டபம் மருந்தாளர்

தங்கச்சி, 38ஐ மட்டும் வைத்துக் கட்டி என்று பயப்பட வேண்டாம். ஊசியைக் கண்ட பதற்றத்திலேயே அவ்வளவு ஏறலாம். வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? நெஞ்செரிச்சல், வாந்தி, மன அழுத்தம், எதற்காக இருந்தாலும் சொல்லுங்கள்.

சாயல்குடிப் புதுசு

கேஸ் மாத்திரை காலையில் தினமும். அட்டையில் பான்டோபிரசோல், டாம்பெரிடோன் என்று இருக்கிறது.

மண்டபம் மருந்தாளர்

டாம்பெரிடோன் டோபமின் ஏற்பியை அடைக்கிற மருந்து, புரோலாக்டினை ஏற்றிவிடும். அந்த அட்டையை எழுதிக் கொடுத்தவரிடமே காட்டி, நிறுத்தலாமா, எத்தனை நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுப்பது என்று கேளுங்கள். டிஎஸ்ஹெச்சையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் அன்று காலையில் எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும், லேபில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு கையை நீட்டுங்கள்.